யாரைக் காணோம்?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எங்கள் ஊர்க் கோவிலின் படியிறங்கும்போது, பெண்கள் பக்கத்து வாசலில் முதலில் காதில் விழும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "வடக்குத் தெரு மயினிய இன்னைக்குக் காணலியே, என்னன்னு தெரியுமாக்கா?" குருவானவரான ஐயரவர்கள் செய்த பிரசங்கம், பாடகர் குழுவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளையின் குரல், அறிவிப்பில் வாசித்த கல்யாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். மயினி மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், முட்டுவலி, பேரனுக்குக் காய்ச்சல் என்று யாராவது ஒரு பதில் சொல்வார்கள். பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் இரண்டு பேர் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்கு நடப்பார்கள். சோறு வடிப்பது பிறகு.

சாத்தான்குளத்துப் பக்கம் தேரிக்காட்டில் உள்ள சின்ன ஊர் எங்களுடையது. செம்மணலும் பனையும்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. எங்கள் சபை நடத்தும் டி.டி.டி.ஏ. தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பள்ளியில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி, சிவபக்தை, ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டாள்: "டீச்சர், எங்களுக்கு மனசு சரியில்லைன்னா கோவிலுக்குப் போவோம். வெள்ளிக்கிழமை போவோம், பிரதோஷத்துக்குப் போவோம். முடியலைன்னா வீட்டு விளக்கு முன்னால ஒரு கும்பிடு. நீங்க ஏன் வாராவாரம், அதுவும் எல்லாரும் ஒரே நேரத்துல போகணும்னு இருக்கீங்க? சாமி வீட்ல இல்லையா?"

நல்ல கேள்வி. கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளே இன்று இதைக் கேட்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள், வாரம் முழுக்க ஓடிவிட்டு ஞாயிறு ஒருநாள் தூங்க நினைப்பவர்கள். அவர்களுக்குப் பதிலாகக் கட்டளையைச் சொல்லலாம். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் இருக்கிறது, கத்தோலிக்க சபையிலோ ஞாயிறு திருப்பலி ஒரு கடமை. ஆனால் கட்டளை என்று சொல்லி நிறுத்தினால், கடவுளுக்கு நம் வருகைப் பதிவேடு தேவைப்படுவது போல ஆகிவிடுகிறது. அவருக்குத் தேவையில்லை. தேவைப்படுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. சபை கூடிவருவதை விட்டுவிடாதீர்கள் என்று புதிய ஏற்பாட்டில் எபிரெயருக்கு எழுதிய நிருபம் சொல்லும் இடத்தைப் பாருங்கள். கடவுள் கோபிப்பார் என்று அந்த வரி பயமுறுத்தவில்லை. ஒருவரையொருவர் கவனித்து, அன்புக்கும் நற்செய்கைகளுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடுவதற்காகக் கூடுங்கள் என்கிறது. சிலர் வராமல் போவதை வழக்கமாக்கிக்கொண்டார்கள் என்ற வருத்தமும் அதே வரியில் இருக்கிறது. ஆக, வராதவர்களைப் பற்றிய கவலை சபைக்கு முதல் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது.

கதவைப் பூட்டிக்கொண்டு அறைக்குள் ஜெபம் பண்ணச் சொன்னவர் இயேசுதானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், அவர்தான் சொன்னார். அதே இயேசு, நாசரேத்தில் தம் வழக்கப்படி ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார் என்று லூக்கா எழுதுகிறார். அறையும் வேண்டும், ஆலயமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளிவிட அவர் வாழ்க்கையில் இடமில்லை.

எனக்கு மிகவும் பிடித்த சாட்சி தோமா. உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு கூடியிருந்தபோது இயேசு வந்து நின்றார். அந்தக் கூட்டத்தில் தோமா இல்லை. ஏன் இல்லை என்று யோவான் சொல்லவில்லை. மற்றவர்கள் அவரிடம் போய்ச் சொன்னார்கள், அவர் நம்ப மறுத்தார். எட்டு நாள் கழித்து மறுபடியும் அதே வீடு, அதே பூட்டிய கதவு. இந்த முறை தோமாவும் அவர்களோடு இருக்கிறார். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, சந்தேகப்பட்டார் என்பதைத்தான் எல்லோரும் பெரிதாகச் சொல்கிறார்கள். நான் அந்த எட்டு நாளைச் சொல்லுவேன். நம்பாதவனை யாரும் வெளியே நிறுத்தவில்லை. நம்பிக்கை இல்லாமலேயே அவரும் வந்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்த இடத்தில்தான் அவருக்கு நம்பிக்கை கிடைத்தது.

சபை கூடுவது எப்படியிருக்கும் என்று பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சி.எஸ்.ஐ. கோவிலில் முதல் மணி அடித்ததும் வீடுகளில் அவசரம் தொடங்கும், இரண்டாம் மணிக்குத் தெருவில் வெள்ளைச் சேலையும் வேஷ்டியும் தெரியும், கடைசி மணிக்கு ஐயரும் பாடகர் குழுவும் பவனியாக உள்ளே வருவார்கள். பாட்டு, எல்லோரும் சேர்ந்து சொல்லும் பாவ அறிக்கை, மன்னிப்பின் வார்த்தை, சங்கீதம், வேத வாசிப்பு, சுவிசேஷம் வாசிக்கும்போது எழுந்து நிற்பது, பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், ஊருக்கும் நாட்டுக்கும் நோயாளிகளுக்குமான ஜெபம், காணிக்கை. நற்கருணை உள்ள ஞாயிறென்றால் அப்பமும் திராட்சரசமும். கடைசியில் ஆசீர்வாதம். வீட்டிலிருந்து கொண்டு வந்த முருங்கைக்காய், தேங்காய், நாட்டுக்கோழி ஏதாவது காணிக்கையாக வந்திருந்தால் வெளியே மரத்தடியில் ஏலம் போடுவார்கள். பெண்கள் அன்றன்றைக்கு உலை வைக்கும்போது எடுத்துவைக்கும் பிடியரிசியும் அப்போதுதான் வந்து சேரும்.

இதில் எத்தனை காரியத்தைத் தனியாகச் செய்யலாம் என்று எண்ணிப் பாருங்கள். பாடலாம், வாசிக்கலாம், ஜெபிக்கலாம். ஆனால் உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது, இன்னொரு வாய் சொல்ல வேண்டும். அப்பத்தைத் தானே பிட்டுத் தானே உண்டால் அது பந்தியாகாது. எங்கள் சபையின் முன்னோர்களான ஆங்கிலிக்கன் சபையார் 1662-ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் இதைச் சட்டமாகவே எழுதி வைத்தார்கள்: குருவானவரோடு சேர்ந்து பந்தியில் பங்குபெற ஆட்கள் இல்லையென்றால் நற்கருணை நடக்கக் கூடாது, மிகச் சின்னச் சபையென்றாலும் குறைந்தது மூன்று பேராவது வேண்டும். குருவானவர் எவ்வளவு பரிசுத்தவானாக இருந்தாலும் தனியாளாக அவரால் அதை நடத்த முடியாது. பள்ளித் தோழிக்கு நான் சொன்ன பதிலும் இதுதான். அவள் கோவிலில் நடை திறந்திருக்கும். ஒருவர் வந்தாலும் தரிசனம் உண்டு, ஆயிரம் பேர் வந்தாலும் உண்டு. எங்களுடையது ஆட்கள் வந்து கூடினால்தான் உண்டாகும். கூடின ஆட்கள்தான் சபை, கட்டடம் அவர்களுக்குக் கூரை.

அந்தக் கூரைகூட ஆரம்பத்தில் கிடையாது. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி என்பவர் பேரரசர் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வந்தவர்களை விசாரித்ததில் தெரியவந்ததைச் சொல்கிறார். குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்து மாறி மாறிப் பாடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன வாக்கை மீறுவதில்லை என்று உறுதி எடுக்கிறார்கள். கலைந்துபோய்ப் பிறகு சாப்பிடக் கூடுகிறார்கள், அதுவும் சாதாரணச் சாப்பாடுதான். இதை உறுதி செய்துகொள்ள, சபையில் பணிவிடைக்காரிகளாக இருந்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தேன் என்றும் எழுதுகிறார். அந்த இரண்டு பெண்களின் பெயர் கடிதத்தில் இல்லை. அவர்கள் கூடினது விடியுமுன். விடிந்தால் எஜமானின் வேலை இருக்கிறது. ஞாயிறு அப்போது விடுமுறை நாள் கிடையாது. பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக அறிவித்தது 321-இல்தான். அதுவரை ஏறக்குறைய முந்நூறு வருஷம், வேலை நாளில் தூக்கத்தை விட்டுத்தான் கிறிஸ்தவர்கள் கூடியிருக்கிறார்கள்.

304-ஆம் ஆண்டு, இன்றைய துனீசியாவில் அபிதினா என்ற ஊரில் 49 கிறிஸ்தவர்களைப் பிடித்தார்கள். டயோக்ளீஷியன் பேரரசர் கிறிஸ்தவர்கள் கூடுவதைத் தடை செய்திருந்த காலம் அது. ஒரு வீட்டில் கூடி நற்கருணை ஆராதனை நடத்தினார்கள் என்பதுதான் குற்றம். கார்த்தேஜில் வைத்து விசாரணை. அவர்களில் எமெரிட்டஸ் என்பவர் தம் வீட்டில் கூட இடம் கொடுத்தவர். ராஜாவின் உத்தரவு தெரிந்தும் இவர்களை ஏன் உள்ளே விட்டாய் என்று கேட்டார்கள். இவர்கள் என் சகோதரர்கள், எப்படித் தடுப்பேன் என்றும், ஆண்டவரின் பந்தி இல்லாமல் எங்களால் இருக்க முடியாது என்றும் சொல்லிச் சித்திரவதையை ஏற்றுக்கொண்டார். வீட்டிலேயே தனித்தனியாக ஜெபித்துக்கொண்டு உயிர் பிழைத்திருக்கலாம். தனியாக ஜெபிப்பவரைக் கண்டுபிடிப்பது எந்த அரசனுக்கும் எளிதல்ல. அரசர்கள் பயந்தது கூட்டத்தைப் பார்த்துத்தான்.

ரோமில் 155 வாக்கில் யுஸ்தின் என்பவர் எழுதிய விளக்கம் ஒன்று உண்டு. ஞாயிறு என்ற நாளில் பட்டணத்திலும் நாட்டுப்புறத்திலும் உள்ளவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள், அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளையும் தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையும் நேரம் உள்ளவரை வாசிப்பார்கள், தலைவர் புத்தி சொல்வார், எழுந்து நின்று ஜெபிப்பார்கள், அப்பமும் ரசமும் பகிர்வார்கள் என்கிறார். எங்கள் ஊரில் நடப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னை நிறுத்தி வைப்பது அவர் அடுத்துச் சொல்லும் இரண்டு விஷயங்கள். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதியுள்ளவர்கள் கொடுத்த பணம் தலைவரிடம் இருக்கும், அதிலிருந்து திக்கற்ற பிள்ளைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்கும் கொடுப்பார்கள். யார் வரவில்லை என்று தெரிந்திருந்தால்தானே அப்பத்தை அனுப்ப முடியும்? எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது வாராவாரம் முகம் பார்க்கிறவர்களுக்குத்தானே தெரியும்?

இன்றும் எங்கள் சேகரத்தில் (ஒரே ஐயரின் பொறுப்பில் உள்ள சபைகள்) மாதத்தில் ஒருநாள், படுக்கையில் இருப்பவர்கள் வீட்டுக்கு ஐயர் நற்கருணை கொண்டுபோகிறார். கூட ஒரு மூப்பர், பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒருவர் இருவர். நானும் போவேன். மேலத் தெருவில் ஒரு பெரியம்மைக்கு இரண்டு கண்ணும் மங்கிவிட்டது. அப்பத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டுவிட்டு, ஜெபம் முடிந்த கையோடு கேட்பாள்: "ஏ டீச்சரு, கோவிலுக்கு யாரெல்லாம் வந்திருந்தாவ?" நான் தெரு வாரியாகச் சொல்லிக்கொண்டு வருவேன். அவளும் விரல் மடக்கிக்கொண்டே வருவாள். விட்டுப்போன ஆளைச் சரியாகப் பிடித்துவிடுவாள்.

திருநெல்வேலிச் சீமையில் சபை தொடங்கியதே ஒரு பெயர்ப் பட்டியலில்தான். தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்திப் பிராமணக் கைம்பெண் ஒருவர், 1778-இல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா ஆனார். பாளையங்கோட்டையில் 1780-இல் எழுதிய சபைப் பதிவேட்டில் மொத்தம் 40 பேர், முதல் பெயர் அவருடையது. 1785-இல் அவர் கட்டிய கோவில் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த நாற்பது பேர் ஒரே சாதிக்காரர்கள் அல்லர். அவர்களைச் சேர்த்துப் பார்க்கக் கூடிய இடம் அந்த ஊரில் அப்போது வேறெதுவும் இருந்திருக்காது.

அடுத்து 1799-இல் முதலூர். கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்காக, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் முன்னின்று நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் இப்படி ஊர் ஊராகச் சபைகள் எழும்பின. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு உபதேசியார், ஓலைக் கூரை போட்ட ஒரு ஜெப வீடு, காலையும் மாலையும் ஒரு மணி. அநேகருக்கு எழுத்து வாசனை கிடையாது. உபதேசியார் ஒரு வரி சொல்ல, கூடியிருந்தவர்கள் அதைத் திருப்பிச் சொல்லுவார்கள். அப்படித்தான் வேதம் அவர்கள் நாக்கில் ஏறியது. என் ஆச்சிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். ஆனால் சங்கீதம் பலது மனப்பாடம். சாகக் கிடந்தபோது நாங்கள் வேதப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்க, தப்பு வரும் இடத்தில் கண்ணைத் திறக்காமலே திருத்தினாள். தனியாக உட்கார்ந்து அவள் எதைப் படித்திருக்க முடியும்? அவளுடைய வேதாகமம் முழுக்க சாயங்கால ஜெபத்தில் கிடைத்தது. உபதேசியார் வீட்டு வாரியாகப் பேர் கூப்பிடுவாராம், வராத வீட்டுக்கு ஆள் போகுமாம், அவள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பனையேறிகள் மாசி பங்குனி தொடங்கி ஆவணி வரைக்கும் ஒருநாள்கூட மரத்தை விட முடியாது, பாளையைச் சீவாமல் விட்டால் பதநீர் நின்றுபோகும். அவர்களுக்காக ஜெபம் இருட்டின பிறகு நடக்கும். கருப்பட்டிப் பாகின் வாசனையோடு வந்து மணலில் உட்கார்ந்து அப்படியே தூங்கிவிடுபவர்களும் உண்டாம். யாரும் எழுப்ப மாட்டார்களாம். துரோவா பட்டணத்தில் பவுலின் பிரசங்கம் நடுராத்திரி வரைக்கும் நீண்டபோது ஒரு வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கி, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் வாசிக்கிறோம். அவனும் பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்தவனாகத்தான் இருப்பான்.

மனம் வரும்போது போனால் போதாதா, ஏன் ஒழுங்காகப் போக வேண்டும்? என் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் இதற்குப் பதில் எனக்குத் தெரிந்தது. அடக்கம் முடிந்த முதல் ஞாயிறு குடும்பமாகக் கோவிலுக்குப் போவது எங்கள் வழக்கம், போனோம். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எனக்கு ஜெபிக்க வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்து தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. மனம் வந்தால் போவது என்று வைத்திருந்தால் நான் அந்த வருஷம் கோவில் வாசலை மிதித்திருக்க மாட்டேன். மணி அடித்தது, கால் பழக்கத்தில் நடந்தது, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கும்போது வாயைத் திறந்தால் அழுகை வரும், அதனால் திறக்க மாட்டேன். இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் இருந்த பெண்கள் பாடினார்கள். விசுவாசப் பிரமாணத்தில் மரித்தோர் உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று அறிக்கையிடும் இடம் வரும். எனக்கு அதைச் சொல்லத் தைரியமில்லை. சுற்றியிருந்த அத்தனை பேரும் சத்தமாகச் சொன்னார்கள். அவர்கள் எனக்குப் பதிலாகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அப்படியே பல ஞாயிறு. ஒருநாள் என் குரலும் அதில் இருந்தது. எந்த ஞாயிறு என்று எனக்கு நினைவில்லை, பக்கத்திலிருந்த அக்காவுக்குத்தான் தெரியும். ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த வருஷம் எனக்கு நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், என்னிடத்தில் இல்லை, சபையினிடத்தில் இருந்தது என்றுதான் சொல்வேன். நான் திரும்பி வரும்வரை அவர்கள் அதை வைத்திருந்தார்கள். நான் நன்றாக இருந்த வருஷங்களில் யாருக்காக வைத்திருந்தேனோ எனக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்ற யாருக்கோ என் பாட்டு உதவியிருக்கும். இன்றைக்கு எனக்குத் தேவையில்லை என்று வீட்டில் இருந்துவிடுபவர்களிடம் நான் கேட்பதும் இதுதான்: இன்றைக்கு உன் குரல் தேவைப்படுகிற ஆள் வந்திருந்தால் என்ன செய்வாள்?

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு, 10 பெரிய வெள்ளி, 12 ஈஸ்டர், மூன்றும் வீட்டுக்குள் போயின. பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் ஆராதனையைப் போட்டுக் காட்டினார்கள். ஐயர் வெறும் கோவிலில் நின்று கேமராவைப் பார்த்துப் பிரசங்கம் செய்தார். அதற்காக நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன், இன்றும் சொல்கிறேன். மேலத் தெருப் பெரியம்மைக்குக் காது கேட்கிறதே, அவள் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் பிரசங்கம் கேட்கிறாள். ஆனால் அந்தத் திரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கை காட்டியதே தவிர, யார் பார்க்கவில்லை என்று காட்டவில்லை. கீழத் தெருவில் தனியாக இருந்த ஒரு தாத்தாவிடம் கைப்பேசி கிடையாது. காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்கிறார். நான்கைந்து நாள் கழித்துப் பால் ஊற்ற வந்த பையன் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். மற்ற வருஷமாக இருந்திருந்தால் ஞாயிறு ஒன்பது மணிக்குள் அவர் இடம் வெறுமையாக இருப்பது ஊருக்கே தெரிந்திருக்கும்; ஆண்கள் பக்கத்தில் முதல் தூணை ஒட்டி உட்காருவார். அந்த வருஷம் செப்டம்பர் 1-இல் தமிழ்நாட்டில் வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் திறந்தன. இடைவெளி விட்டு, வாயை மூடிக்கொண்டு, பாட்டைக்கூட அடக்கி வாசித்தோம். அப்படியிருந்தும் கண்கள் தூணடியைத் தேடின.

கூடிவருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. கூடுகிற இடத்தில்தான் சண்டையும் வருகிறது. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது, நற்கருணைப் பந்தியில் எல்லோரும் ஒன்றாக வர வேண்டும் என்று உத்தரவு போட்டபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். எங்களுக்கு அருகிலேயே வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள் சாதிக்காக எழுப்பிய சுவர் இருந்தது, 1910-இல்தான் இடித்தார்கள், அதற்கும் வழக்கு நடந்தது. பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றைக்கும் ஒன்றாகவில்லை. சபைத் தேர்தல் காலத்தில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இதனால் மனம் உடைந்து வராமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், கூடிவருதலை விட்டுவிடக் கூடாது என்று வசனம் சொல்வது கொடுமை. காரணமானவர்கள்தான் முதலில் படியேற வேண்டும்.

சபையின் பழைய ஒழுங்கு இந்த விஷயத்தில் கண்டிப்பானது. தொடக்க காலத்தில் எழுதப்பட்ட திதகே என்ற சின்ன நூல், சகோதரனோடு பிணக்குள்ளவன் ஒப்புரவாகும்வரை கூட்டத்தில் சேரக் கூடாது என்கிறது. காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று இயேசு சொன்னதும் அதுதான். 1947 செப்டம்பர் 27-இல் சென்னையில் எங்கள் சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாயின. 1950-இல் அது தன் நற்கருணை ஒழுங்கை அமைத்தபோது, சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் விடாமல் இருந்துவந்த ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டது. பந்திக்கு முன் சமாதானம் பரிமாறுவது. கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க, இருவரும் இடது கையால் அதை மூடுவார்கள். பெற்றவர் அடுத்தவருக்குத் திரும்புவார். பீடத்திலிருந்து புறப்பட்டுக் கடைசி வரிசை வரைக்கும் கை மாறிப் போகும்.

எங்கள் ஊரில் பாதைத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரு ஞாயிறு அடுத்தடுத்து உட்கார நேர்ந்தது. ஒருத்தி தாமதமாக வந்ததில் வேறு இடமில்லை. சமாதானம் வரிசையில் வந்துகொண்டிருக்கிறது. முதலாமவள் வாங்கிவிட்டாள், திரும்பித்தான் ஆக வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை நீட்டினாள். அன்றைக்கே பாதைத் தகராறு தீர்ந்ததா என்றால் இல்லை, அதற்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருந்தது. ஆனால் அளக்க வந்த அன்று இரண்டு வீட்டிலும் சேர்ந்து அவருக்குக் காப்பி கொடுத்தார்கள். வாராவாரம் வருகிற இடமாக இல்லாவிட்டால் அந்த இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார நேர்ந்திருக்காது. பிடிக்காதவர்கள் இல்லாத கூட்டம் வேண்டுமென்றால் நாமே ஆள் பொறுக்கிச் சேர்க்கலாம், அது சிநேகிதர் குழு. சபை ஆள் பொறுக்குவதில்லை.

இப்போது எனக்கு இருக்கும் கவலை வேறு. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பலர் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் ஜவுளிக்கடைகளில் நிற்கிறார்கள். ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம், அன்று விடுப்புக் கேட்கவே முடியாது. ஆஸ்பத்திரியில் செவிலியர் பிள்ளைகள், பெட்ரோல் பங்கில் பையன்கள், பஸ்ஸில் நடத்துநர்கள் எல்லாருக்கும் இதே கதை. பெண்கள் பக்கத்தில் அவர்கள் அம்மாக்கள் மட்டும் வந்து உட்காருகிறார்கள். ஞாயிறு வரவில்லை என்பதற்காக அந்தப் பிள்ளைகளைப் பக்தியில்லாதவர்கள் என்று பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு மனம் பொறுக்காது. கொரிந்து பட்டணத்துச் சபையில் வசதியானவர்கள் முன்னதாக வந்து சாப்பிட்டு முடித்துவிட, உழைத்துவிட்டுப் பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கோபத்தோடு எழுதியது பிந்தி வந்தவர்களுக்கு அல்ல, முந்திச் சாப்பிட்டவர்களுக்கு. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்றார்.

அடிமைகளுக்காக விடியுமுன் கூடிய சபை, பனையேறிகளுக்காக இருட்டின பிறகு கூடிய சபை, கடைப் பிள்ளைகளுக்காக ஒரு வார நாளில் கூட முடியாதா என்று சேகரக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். சமாதானம், பந்தி, பிரசங்கம் எல்லாவற்றோடும் முழு ஆராதனை. பெயருக்கு ஒரு ஜெபக்கூட்டம் என்றால் எனக்குச் சம்மதமில்லை. அம்மாக்களும் மூப்பர்களும் அதற்கு வர வேண்டும், பிள்ளைகளை மட்டும் தனியாக உட்கார வைத்தால் அது இன்னொரு பிரிவினை. பிள்ளைகளிடம் நேரம் கேட்டேன். ராத்திரி கடை அடைத்து விடுதிக்குப் போகவே பத்தாகிவிடுகிறது, ஊருக்கு வருவதற்கு வாரத்தில் கிடைப்பது ஒரு நாள்தான், அதுவும் ஆளுக்கு ஒரு கிழமை என்கிறார்கள். அதிகமான பேருக்குப் புதன் ஒத்துவருகிறது, காலை ஆறரை மணி என்றால் வருவோம் என்கிறார்கள். ஐயருக்குப் புதன்கிழமை பக்கத்து ஊரில் பொறுப்பு இருக்கிறது, அதை மாற்ற முடியுமா என்பது வருகிற கமிட்டியில் பேச்சுக்கு வருகிறது.